சந்தா கட்டாத பட்டறை

தச்சர் பட்டறையில் தீப்பிடித்ததும் தீயணைப்பு வண்டி உடனே வந்து நின்றது. தண்ணீர்தான் வரவில்லை.

குழாயை இறக்கிய இரண்டு பேரும் அதைப் பிடித்துக்கொண்டு டிரைவர் முகத்தைப் பார்த்தார்கள். டிரைவர் தரையைப் பார்த்தார். பட்டறையின் பின்பக்கக் கூரையிலிருந்து புகை சுருண்டு சுருண்டு மேலே போய்க்கொண்டிருந்தது.

"ஏம்ப்பா, திறந்து விடு" என்றார் தச்சர்.

"நீங்க சந்தா கட்டலையே அண்ணே. பக்கத்து வீட்டுக்குப் பரவாம பார்த்துக்கத்தான் வந்தோம்."

டவுனிலிருந்து வண்டி வந்து சேர்வதற்குள் சாம்பல்கூட ஆறிவிடும் என்பதால், சுற்றுவட்டாரத்து ஊர்கள் சேர்ந்து வாங்கிய வண்டி அது. வீட்டுக்கு வீடு வருடச் சந்தா. டீசலும் டயரும் அதிலிருந்துதான். ஒருமுறை, பாவம் பார்த்து, சந்தா கட்டாத ஒருவரின் வைக்கோல் போரை அணைத்தார்கள். எப்படியும் வந்து அணைப்பார்கள் என்று தெரிந்துபோனதில் அடுத்த வருடம் பாதிப் பேர் சந்தாவை நிறுத்திக்கொண்டார்கள். டீசலுக்கு வழியில்லாமல் வண்டி மாதக்கணக்கில் கோணிப்பை போர்த்திக்கொண்டு நின்றது. அப்போது கமிட்டி போட்ட ரூல் இது: உயிருக்கு ஆபத்து என்றால் யாருக்கும் உதவலாம். பொருளுக்கு ஆபத்து என்றால், சந்தா கட்டியவர் பொருளுக்கு மட்டும்.

சந்தா கேட்டு டிரைவரே தச்சரிடம் நாலைந்து முறை போயிருக்கிறார். தச்சர் மரம் இழைக்கிற இழைப்புளியை நிறுத்தாமலே பதில் சொல்லி அனுப்பிவிடுவார். மரத்தோடயே வளர்ந்தவன் நான், எனக்குத் தெரியாத நெருப்பா, வந்தா ஊதி அணைச்சுக்குறேன் என்று.

இப்போது ஊதுகிற நிலையில் அவர் இல்லை. பசை காய்ச்சிய அடுப்பை அணைக்காமல் சாப்பிடப் போனதில், பொறி மரத்தூளுக்குத் தாவியிருந்தது. உள்ளே ஆள் யாரும் இல்லை. ஆனால் புதுப் பள்ளிக்கூடத்துக்கான கதவு, ஜன்னல் மொத்தமும் செய்து அடுக்கியிருந்தது. எல்லாம் கடனில் வாங்கிய மரம். அது போனால் பட்டறையும் போனதுதான்.

"இப்பவே கட்டிடறேன்பா. பத்து வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டிடறேன்."

"தீப்பிடிச்ச பிறகு கட்டலாம்னா, அதுக்கு முன்னாடி யாருண்ணே கட்டுவாங்க?"

டிரைவர் குரலில் கோபம் இல்லை. அழுதுவிடுவார் போலத்தான் இருந்தது.

சந்தா கட்டியவர்கள் தச்சரைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். கட்டாத ஓரிருவர் மெல்லப் பின்வரிசைக்கு நகர்ந்து, வீட்டில் அடுப்பை அணைத்தோமா என்று யோசித்தார்கள்.

அக்கம்பக்கத்தில் இருந்தது ஒரே ஒரு வீடு. தையல்காரம்மாவுடையது. கேட்பதற்கு முன்பே சந்தாவைக் கொண்டுவந்து கட்டிவிடுகிறவர். அவருக்கும் தச்சருக்கும் பேச்சு நின்று வெகுநாளாகிறது. பட்டறைத் தூள் பறந்து வந்து, தைத்து மாட்டிய துணியெல்லாம் பாழாகிறது என்று அவர் சொல்லப் போக, அதைக் காத்துகிட்ட சொல்லுங்க என்று தச்சர் சொல்லப் போக, அதோடு சரி.

தையல்காரம்மா தன் வீட்டு வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். டிரைவர் அவரிடம் ஓடினார்.

"அக்கா, உங்க வீட்டுப் பக்கம் அனல் அடிக்குதா? லேசா அடிச்சாலும் சொல்லுங்க. உங்க பொருளுக்கு ஆபத்துன்னா நான் தண்ணி அடிக்கலாம்."

கேட்டுக்கொண்டே கண்ணால் கெஞ்சினார். தையல்காரம்மா விரலை நனைத்துக் காற்றில் நீட்டிப் பார்த்தார். எதையும் அளந்து பார்த்தே பழக்கப்பட்டவர்.

"இல்ல தம்பி. காத்து அந்தப் பக்கம்தானே போகுது. எனக்கு ஒரு ஆபத்தும் இல்ல."

கூட்டம் மொத்தமாக வாய் திறந்தது. ஒரு 'ஆமா' சொன்னா நாக்கு தேய்ஞ்சிடுமா என்றார் ஒருவர். துணியில விழுந்த தூளுக்கெல்லாம் இன்னிக்கு வசூல் பண்றாங்க என்றார் இன்னொருவர். தச்சரின் மனைவி ஓடிவந்து தையல்காரம்மா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, பொய்யாவது சொல்லுங்கக்கா."

"எனக்குப் பொய் சொல்ல வராதும்மா."

கையை விடுவித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். திரும்பி வந்தபோது ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். தையல் மிஷினுக்கு முன்னால் போட்டு உட்காருகிற மர நாற்காலி, மேலே பூப்போட்ட மெத்தை.

இது கூட்டத்துக்கே பொறுக்கவில்லை. சாவகாசமா உட்கார்ந்து வேடிக்கை பார்க்கணுமாம் என்று ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆனால் அவர் நாற்காலியை வாசலில் போடவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனார். முன்வரிசையும் அவருக்குப் போதவில்லை. ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மறு கையால் நாற்காலியை இழுத்துக்கொண்டு பட்டறைச் சுவர் வரைக்கும் போனார். புகை நன்றாக இறங்குகிற இடமாகப் பார்த்து அதைச் சுவரோடு ஒட்டிப் போட்டார். ஒரு கால் ஆடியது. நகர்த்திச் சரிசெய்தார்.

உட்காரவில்லை. இருமிக்கொண்டே திரும்பி வந்து டிரைவர் முன்னால் நின்றார்.

"தம்பி, அங்க இருக்கறது என் நாற்காலி. நான் சந்தா கட்டியிருக்கேன். இப்ப அதுக்கு ஆபத்து."