தேடினால் முதலில் வருகிறாள்

காணாமல் போன அக்காவைப் பற்றி அம்மா ஒரே விவரத்தை இணையத்தில் பல பக்கங்களாகப் போட்டிருந்தாள்.

"எல்லாம் ஒண்ணு போலவே இருந்தா, தேடுறவங்களுக்கு எதுவுமே மேல வராதும்மா."

நகல்களை நீக்கி ஒரே பக்கமாக்கினேன். தலைப்பில் அவள் பெயரையும் ஊரையும் சேர்த்தேன்.

இன்று மாலை போன் வந்தது.

"உங்க பொண்ணைக் கொஞ்சம் முன்னாடி ஸ்டேஷன் வாசல்ல பார்த்தேங்க. போட்டோவுல இருக்கிற அதே முகம். பச்சைக் குடை பிடிச்சிருந்தா."

அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "உயிரோட இருக்காடி! எல்லாம் நீ பண்ணின வேலை!"

நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அம்மாவும் அப்பாவும் செருப்புகூடப் போடாமல் ஓடினார்கள். இன்னும் திரும்பவில்லை.

வந்ததும் எப்படிச் சொல்வேன்? அக்கா எனக்குச் சில நிமிடங்கள்தான் மூத்தவள். இருவருக்கும் ஒரே முகம்.

தோழியிடம் இரவல் வாங்கிய பச்சைக் குடை, என் கட்டிலுக்கடியில் ஈரமாகக் கிடக்கிறது.