பன்னிரண்டு மாதமும் கருப்பு

"பூவே வேண்டாம்னு சொல்ற ஆளை இப்பதான் டீச்சரம்மா முதல்முறையா பார்க்கிறேன்" என்றார் தோட்டக்காரர், வண்டியிலிருந்து செடிகளை இறக்கியபடி.

"நல்லாப் பார்த்துக்கோ தம்பி. டிக்கெட் எல்லாம் கேட்க மாட்டேன்."

வாசற்கதவிலிருந்து கேட் வரை நாற்பதடிப் பாதை. போன வாரம்தான் அதில் வெள்ளைச் சரளைக்கல் பரப்பச் செய்திருந்தார் டீச்சரம்மா. இன்று அதன் இரண்டு ஓரமும் செடி. கருப்பு என்றே சொல்லிவிடக்கூடிய கருஞ்சிவப்பு இலை, முழங்கால் உயரம், இடைவெளி கூடாது. இதுதான் உத்தரவு.

"பூச்செடி வச்சா வீடே சிரிக்கும்மா. ரெண்டு மாசம்தான் இலை கொட்டி மொட்டையா நிக்கும்."

"அந்த ரெண்டு மாசம் நான் என்ன பண்றது?"

"என்ன பண்றதா? உள்ளே உட்கார்ந்து டிவி பாருங்க!"

"அந்தக் கதையே வேண்டாம். பன்னிரண்டு மாசமும் இலை நிக்கணும். கருப்பு வெளுக்கவும் கூடாது."

"வெயில் பட்டா வெளுக்காது. நிழல் விழுந்தாத்தான் பச்சையா மாறும்."

"அப்ப வேலியோர மரத்துல அந்தப் பெரிய கிளையை வெட்டு."

தோட்டக்காரர் தயங்கினார். "அது சார் ஆசையா வச்ச மரமாச்சேம்மா."

"அவர் இருந்திருந்தா எனக்கு முன்னாடி அவரே ஏறியிருப்பார். நீ ஏணியை எடு."

ஞாயிற்றுக்கிழமை மகன் வருகிறான் என்பது தெருவுக்கே தெரியும். கணவர் போன பிறகும் அந்த வீட்டில் தனியாகவே இருந்துவந்த டீச்சரம்மா, மூன்று மாதத்துக்கு முன் இதே பாதையில் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டார். காலில் வலு இல்லாதவர் தனியாக இருக்கக் கூடாது, வீட்டைப் பூட்டிவிட்டுக் கையோடு கூட்டிப் போகிறேன் என்று மகன் போனில் கறாராகச் சொல்லிவிட்டான்.

"முப்பத்தெட்டு வருஷம் வகுப்புல நின்ன காலு. வரட்டும் அவன், நடந்து காட்டுறேன்" என்றார் டீச்சரம்மா.

தோட்டக்காரர் தூர்களைப் பிரித்துப் பிரித்து நட்டார். கடைசியில், பாதை கேட்டை நோக்கித் திரும்பும் இடத்தில் ஒரு செடி குறைந்தது. வண்டியில் கிடந்த வெளிர்பச்சை இலைச் செடி ஒன்றை அங்கே ஊன்றினார். ஒன்றே ஒன்றுதானே, யார் கவனிக்கப் போகிறார்கள்?

ஞாயிறு காலை கார் வந்து நின்றது. மகன் உள்ளே வரவில்லை. கேட்டிலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"நீங்களே இங்க வாங்கம்மா, பார்க்கலாம்."

டீச்சரம்மா படியிறங்கினார். தலை நிமிர்ந்திருந்தது, நடையில் தடுமாற்றமே இல்லை. மகனின் பார்வை அவர் பாதங்களைவிட்டு அகலவில்லை. செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த தோட்டக்காரர் குழாயைத் தாழ்த்திக்கொண்டு பார்த்தார்.

திருப்பம் வந்தது. பச்சைச் செடிக்கு நேரே, தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது.

மகனின் கை தாழ்ப்பாளுக்குப் போனது.

"ஏய் தோட்டக்காரா! இங்க எதைக் கொண்டுவந்து நட்டுத் தொலைச்சே?"

"ஒண்ணு குறைஞ்சுதும்மா, பச்சையை வச்சுட்டேன்... நாளைக்கே மாத்திடறேன்."

"நாளைக்கு இல்ல, இன்னிக்கு!" காலை ஊன்றினார். மிச்சப் பாதையையும் நடந்து கேட்டைப் பிடித்துக்கொண்டார்.

மகன் வாய்விட்டுச் சிரித்தான். "இத்தனை செடியில ஒண்ணு மாறினதுக்கே இந்தப் போடு போடறீங்க. உங்களை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா எங்க கதி என்ன ஆறது? ராணி மாதிரி இங்கேயே இருங்கம்மா."

காப்பி குடித்துவிட்டு, முழு நிம்மதியோடு அவன் கிளம்பிப் போனான்.

மாலையில் தோட்டக்காரர் கருப்புச் செடியும் தொங்கிய முகமுமாக வந்து நின்றார். "மன்னிச்சிடுங்கம்மா. ஒரு செடிக்குப் போய் இவ்வளவு கோபப்படுவீங்கன்னு நினைக்கலை."

"கோபம் இல்ல தம்பி, பயம்." தோட்டக்காரர் நின்ற இடத்தைப் பார்க்காமல், வேலிப் பக்கம் பார்த்துச் சொன்னார் டீச்சரம்மா. "ஆறு மாசமா எனக்கு வெள்ளை எது, கருப்பு எதுன்னு மட்டும்தான் தெரியுது. நீ பச்சையை வச்ச இடத்துல பாதையே அறுந்து போச்சு."