பதிவு விலாசம்

அழைப்பு மணி அடித்ததும் சிவபாலன் செய்த முதல் வேலை, கண்ணாடி முன் நின்று தலை வாரிக்கொண்டதுதான்.

லக்ஷனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வருவது நகராட்சிப் பொலிஸ்காரி. பெண் பார்க்கவா வருகிறார்கள், இவ்வளவு அலங்காரத்துக்கு?

"நான் சொன்னது ஞாபகம்தானே? உறவு எண்டு மட்டும் வாயைத் திறந்திடாதை," என்றபடி கதவைத் திறக்கப் போனார்.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். ஒரு கிழமையாக இந்த வீட்டில் இருக்கிறாள். இந்த மனிதரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்ற பிரச்சினை வராமலே கதைத்துச் சமாளித்துவிட்டாள்.

விஷயம் இவ்வளவுதான். அவளுக்குப் பல்கலைக்கழகத்தில் தாதிப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. வீட்டு வேலை செய்யும் அம்மாவின் சம்பளத்தைக் காட்டினால் கட்டணம் இல்லை, உதவித்தொகையும் உண்டு. ஆனால் அதற்கு ரெசிடென்சா வேண்டும், இன்ன விலாசத்தில் குடியிருக்கிறாள் என்ற நகராட்சிப் பதிவு. பழைய வீட்டோடு பழைய பதிவும் போய்விட்டது. இப்போது அவளும் அம்மாவும் இருக்கும் பல்லரோச் சந்தைப் பக்கத்து அறைக்கு ஒப்பந்தமே கிடையாது. வாடகைக்கு மட்டும் முதலாம் திகதியே பல்லை இளித்துக்கொண்டு வரும் வீட்டுக்காரன், பதிவு என்றதும் பாம்பை மிதித்தவன் மாதிரித் துள்ளினான்.

தூ, அவனும் அவன் அறையும்!

கடைசியில் அம்மா வெட்கத்தை விட்டுச் சிவபாலனிடம் போய் நின்றாள். அவரும் பெரிய மனது பண்ணி ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. ஒரே வீட்டில் சொந்தக்காரர் என்று பதிந்தால் எல்லாருடைய வருமானத்தையும் சேர்த்துக் கூட்டிவிடுவார்கள். அவருக்குத் துறைமுகத்தில் நிரந்தர வேலை, மனைவி கிளறாவுக்குக் கடை. பிறகு சலுகையாவது, உதவியாவது? ஆகவே அறை எடுத்துத் தங்கும் யாரோ ஒரு பிள்ளை என்று சொல்வதுதான் இரண்டு பேருக்கும் நல்லதாம்.

"இரண்டு பேருக்கும்" என்று அவர் அழுத்திச் சொன்ன விதம்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

பதிவதற்கு முன் ஆள் உண்மையிலேயே குடியிருக்கிறாளா என்று பார்க்க வந்த பொலிஸ்காரி, மூன்று மாடி ஏறிய மூச்சிரைப்போடு உள்ளே வந்தாள். மடக்குக் கட்டிலைப் பார்த்தாள், கொடியில் கிடந்த சட்டைகளைப் பார்த்தாள். அவள் கேட்காமலே சிவபாலன் குளியலறைக்கு ஓடி லக்ஷனாவின் பல்துலக்கியை எடுத்து வந்து நீட்டினார். ஈரத் தும்புகளை விரலால் நீவி வேறு காட்டினார்.

சீ! இனி அது குப்பைக்குத்தான்.

கூடத்துச் சுவர் முழுக்க அவருடைய இரண்டு பையன்களின் படங்கள். பிறந்தநாள், தேவாலயத்தில் முதல் நன்மை, கடற்கரை. லக்ஷனா வந்த நாளிலிருந்து அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவாள். இன்றைக்கும் அப்படித்தான் உட்கார்ந்தாள்.

"இந்தப் பெண் உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று பொலிஸ்காரி கேட்டாள்.

"ஓர் உறவும் இல்லை, சிஞ்ஞோரா. ஊர்ப் பிள்ளை. தாய் கஷ்டப்பட்ட மனுசி, பாவம் பார்த்து ஓர் அறை கொடுத்தேன்."

சுத்தமான இத்தாலியன். ஒரு திக்கல் இல்லை, ஓர் இருமல் இல்லை. பொய் சொல்லும்போது மனிதர்களுக்கு முகம் கொஞ்சமாவது மாறும் என்று லக்ஷனா இதுவரை நம்பியிருந்தாள்.

பொலிஸ்காரி அவள் பக்கம் திரும்பினாள். கேட்டே ஆக வேண்டிய கேள்வி, குறை நினைக்காதே என்றாள். இவரோடு உனக்கு இரத்த உறவோ, கலியாண உறவோ, பாசப் பிணைப்போ உண்டா?

பாசப் பிணைப்பாம்! அதையும் ஒரு சட்டமாக எழுதிவைத்திருக்கிறார்கள்.

"இல்லை," என்றாள் லக்ஷனா. கடைசிக் கேள்விக்காவது அவள் பொய் சொல்லவில்லை.

முடிந்தது என்றுதான் நினைத்தாள். பொலிஸ்காரி அவளுடைய அடையாள அட்டையை வாங்கி, குடும்பப் பெயர் இருந்த வரியை வெளிச்சத்தில் பிடித்து எழுத்துக் கூட்டினாள்.

"சி... வ... பாலன்?"

"ஓம்?" என்றார் சிவபாலன்.

"நான்தான்," என்றாள் லக்ஷனா.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. பேனா நின்றது.

எங்கள் ஆட்களில் தகப்பனின் பெயர்தான் பிள்ளைக்குப் பின்பெயர். அது இந்த இத்தாலியத் தீவில் எந்தப் பொலிஸுக்கும் தெரியாது. ஆனாலும் பொலிஸ்காரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மூக்கைப் பார்த்தாள், நெற்றியைப் பார்த்தாள். படிப்பு போச்சு. அம்மா போய் நின்ற நிலையும் வீணாய்ப் போச்சு.

சிவபாலன் சிரித்தார். சட்டைப்பையிலிருந்து தன் அட்டையை எடுத்து நீட்டினார்.

"அது என் முதல் பெயர், சிஞ்ஞோரா. என் குடும்பப் பெயர் விக்னராஜா, பாருங்கள். எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு சிவபாலன் இருப்பான். இவளுடைய தகப்பனும் அப்படி எவனோ ஒருவன்."

"அப்படியா?" என்று பொலிஸ்காரி லக்ஷனாவைக் கேட்டாள்.

லக்ஷனா முதல் தடவையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"ஆமாம்," என்றாள். "எவனோ ஒருவன்."

சரியாகச் சொல்லிவிட்டாய் என்பதுபோல் அவர் தலையாட்டினார்.