பிய்ந்த லேஸ்

மகளின் பிறந்தநாளுக்காக, கம்ப்யூட்டரில் அவளுக்கு ஒரு கவுன் வரைந்துகொண்டிருந்தேன். அவளுடைய பழைய கவுனின் லேஸில் துளியூண்டு ஸ்கேன் செய்து வரையும் பிரஷ் ஆக்கியிருந்ததால், கோடு வளைந்த பக்கமெல்லாம் அந்தத் துண்டே திரும்பத் திரும்ப வந்து லேஸாக வளைந்து ஓடியது.

கணவர் எட்டிப் பார்த்தார். "என்ன இது, விரற்கடைக்கு ஒரு ஓட்டை? சரி பண்ணக் கூடாதா?"

"அசல்லயே ஓட்டைதாங்க. லேஸைக் கடிக்காதேன்னு தொண்டை கிழியக் கத்துவேன், உங்க பொண்ணு கேட்டாத்தானே!"

"அது சரி, ஏன் இவ்ளோ பெருசு? அவளுக்குத் தரையில புரளுமே."

"புரளாதுங்க. இருந்திருந்தா இன்னிக்கு ஏழு வயசு."

அவர் ஸ்கேனரிலிருந்து அந்த மூன்று வயதுக் கவுனை எடுத்து மெல்ல மடித்தார்.

"ஓட்டையை மட்டும் சரி பண்ணிடாதம்மா."