நாலு பேருக்கும் சிலுவை

சி.டி. உறையின் ப்ரூஃபைப் பார்த்ததும் ஷைலா டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை.

“பாய், நாலு பேரையும் கொன்னுட்டீகளே.”

தூக்கிவாரிப் போட்டது. இருபத்தாறு வருடமாகச் சிவகாசியில் அச்சகம் நடத்துகிறேன். இந்தச் செய்யது அபுதாஹிர் மேல் கொலைப் பழி விழுந்தது அன்றுதான் முதல் தடவை.

‘எரிகோ மதில்’ என்று ஒரு பாட்டுத் தொகுப்பு. டீச்சர் போகிற கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த நான்கு இளைஞர்கள் கிதார், டிரம்ஸ் என்று ராக் பாணியில் அதிர அதிர அடித்து, 2001-ல் கேசட்டாக வெளியிட்டது. கர்த்தருக்கு இம்புட்டுச் சத்தம் எதற்கு என்று பெரியவர்கள் முகம் சுளித்தார்களாம். ஆனாலும் விற்றுத் தீர்ந்தது.

2004-ல் அதே சபை சி.டி.யாகப் போட்டது. இப்போது 2009-ல் மூன்றாவது தடவை. இதைப் போடுவது டீச்சர், தனியாளாக. சபை வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை.

மாதிரிக்கு 2004 சி.டி.யின் உறையைக் கொடுத்திருந்தார். பள்ளிக்கூடம் போகிற அவசரம், திருத்தமெல்லாம் ப்ரூஃபில் பார்த்துக்கொள்கிறேன் என்று ஓடிவிட்டார்.

அந்த உறையில் டிரம்ஸ் சாலமன்ராஜ் பெயருக்கு முன்னால் மட்டும் குட்டியாக ஒரு சிலுவை இருந்தது. மற்ற மூவருக்கு இல்லை.

எனக்குப் பட்டாசு லேபிள் அடித்துப் பழகிய கை. இந்தப் பக்கம் ஒரு நட்சத்திரம் இருந்தால் அந்தப் பக்கமும் ஒன்று வைத்தால்தான் சோறு இறங்கும். பாவம், இந்த மூன்று பேர் என்ன பாவம் செய்தார்கள் என்று நானே அவர்களுக்கும் ஆளுக்கொரு சிலுவை வைத்துவிட்டேன்.

அப்படிப் போட்டால் ஆள் காலமாகிவிட்டார் என்று அர்த்தமாம். டீச்சர் சொல்லித்தான் தெரியும். வெட்கத்தில் காது சுட்டது.

டீச்சர் சிவப்புப் பேனாவை எடுத்தார். ஞானசீலன் மஸ்கட்டில் இருக்கிறார் என்று ஒரு சிலுவையை அடித்தார். தேவமணிக்குச் சாத்தூரில் வேலை, அதையும் அடித்தார். அருள்தாஸுக்குப் போன மாதம்தான் பெண் குழந்தை பிறந்ததாம்.

சாலமன்ராஜ் பெயரிலும் பேனாவை வைத்தார். அது நான் வைத்ததில்லை, பழைய உறையிலேயே இருந்தது என்று அவசரமாகச் சொன்னேன்.

“அது சபையில போட்டது. இது நான் போடுறது. எடுங்க.”

அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. உயிரோடு இருக்கிற மனிதருக்குச் சிலுவை போட்டு ஆயிரம் சி.டி. விற்றிருக்கிறார்கள். எந்த அச்சகமோ, எந்தப் புண்ணியவானோ. என்னைவிடப் பெரிய முட்டாள் ஒருவன் இருக்கிறான் என்பதில் கொஞ்சம் சந்தோஷம்கூட வந்தது.

அடுத்த தடவை டிரம்ஸ்காரரையும் கூட்டி வாருங்கள், எங்கள் தொழிலுக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன் என்றேன்.

டீச்சர் தாளில் கிழிந்த இடத்தைத் தடவிச் சமப்படுத்தினார். பிறகு சரி என்றார். ப்ரூஃபின் அடியில் கையெழுத்துப் போட்டுவிட்டு, முதல் மணிக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.

மத்தியானம் திருத்தத்தோடு புது அச்சுப் பிளேட் வந்தது. மெஷின்மேன் தங்கச்சாமிக்கு ஊர் பக்கத்து எம். புதுப்பட்டி. பிளேட்டைப் பூட்டப் போனவன் பெயர்களைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டான்.

“முதலாளி, இந்தச் சாலமன்ராஜ் சார் டீச்சரோட வீட்டுக்காரருல்லா. எங்கூரு பட்டாசுக் கம்பெனி வெடிவிபத்துல போயி ஆறு வருசமாச்சு. அவருக்குச் சிலுவை போடணுமே.”

அவரைக் கூட்டி வாருங்கள் என்று டீச்சரிடம் சொன்ன வாயில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

டீச்சருக்குப் போன் போட்டுக் கேட்கவா என்றான். நான் ப்ரூஃபை எடுத்துப் பார்த்தேன். கிழிந்த இடத்தில் விரல் நுழைந்தது.

“டீச்சரே பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்காக. நீ ஓட்டு.”