பொறிவண்டின் காவல்

கடுகுக் காய் முற்றும் நேரத்தில்தான் வயல்காரர் சுப்பராயர் இலைகள் சுருண்டு கிடப்பதைக் கவனித்தார். மருந்து டேங்க்கை முதுகில் மாட்டிக்கொண்டு இறங்கினார்.

"அண்ணே, பறந்துடு!" என்று பதறியது தேனீ.

"நான் எதுக்கு ஓடணும்?" என்றது பொறிவண்டு. "பூவெடுத்த நாள்ல இருந்து, சாறு உறிஞ்சுற அசுவினிப் பூச்சியைத் தின்னு அவர் வெள்ளாமையைக் காக்கிறவன் நான். என்னைத் தெரியாமலா இருக்கும்?"

அவர் கண்ணில் நன்றாகப் படட்டும் என்று உச்சிக் காயில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

மருந்து மழையாய் இறங்கியது. பொறிவண்டு மல்லாந்து மண்ணில் விழுந்தது. சுருண்ட இலைகளுக்குள் அசுவினிகள் நனையாமல் சாறு உறிஞ்சிக்கொண்டிருந்தன.

பொறிவண்டுக்குக் காது மட்டும் இன்னும் கேட்டது. சுப்பராயர் அதை விரல்நுனியில் எடுத்து வரப்பில் நின்ற மனைவியிடம் காட்டினார்.

"பாத்தியா பொன்னுத்தாயி, செவப்பா, புள்ளி புள்ளியா! இவ்வளவு நாளும் நம்ம கடுகைத் தின்னு கொழுத்தது இதுதான்."