சிவப்புப் பேனா

மூக்குக் கண்ணாடிக் கடையைத் திறந்ததும் இணையத்தில் இருக்கும் அறிவியல் குழுவில் ஒரு செய்தி போடுவது அவள் வழக்கம். பிழை கண்டவர் அதன் கீழே சிவப்புப் பேனா படத்தை ஒட்ட வேண்டும் என்பது குழுவின் சட்டம். பெரும்பாலும் ஒட்டுவது அவள் கணவன்தான். பெண்டாட்டி என்று தாட்சண்யம் பார்க்க மாட்டான். ஒட்டிவிட்டு, கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்த்தபடி கெக்கெக்கே என்று சிரிப்பான். அவன் இறந்துபோய் ஏழு மாதமாகிறது. அவன் போன் எண்ணையும் ரத்து செய்தாயிற்று.

அன்று அவசரத்தில், நிலா வெளிச்சம் நம்மிடம் வர எட்டு நிமிடமாகும் என்று போட்டுவிட்டாள். எட்டு நிமிடம் சூரியனுக்கு. மற்ற முப்பது பேரும் கண்ணை மூடிக்கொண்டு கைதட்டியிருந்தார்கள். கூடவே ஒரு சிவப்புப் பேனா. தொட்டுப் பார்த்தாள், யார் பெயரும் வரவில்லை. திருத்தினாள். பேனா மறைந்தது.

குழுவை நடத்தும் வாத்தியார் போன் செய்தார்.

"பட்டியல்ல நாம முப்பத்தோரு பேர்தாம்மா. மொத்தம் முப்பத்திரண்டுன்னு காட்டுது. ஏதோ கோளாறு. குழுவையே கலைச்சிட்டுப் புதுசா ஆரம்பிச்சிடவா?"

"வேண்டாம் சார். இருந்துட்டுப் போகட்டும்."

மறுநாள் காலையில், பூட்டிய கடையின் படியில் நின்றபடியே, சூரியன் மேற்கில் உதிக்கிறது என்று போட்டாள்.

சிவப்புப் பேனா உடனே வந்தது. அவள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே அவன் சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.